தராசும் சங்கும்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம்மைப் போன்ற உபாத்தியாயினிகளுக்குப் பிரசங்க யோகம் வந்துவிடும். உலகமெங்கும் ஆகஸ்டு 1ந் தேதி முதல் 7ந் தேதி வரை தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடுகிறார்களல்லவா? அந்த ஏழு நாளும் நம் தருமபுரி ஜில்லாவில் அங்கன்வாடிக்கு அங்கன்வாடி கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் பேசுவதற்கு ஒருவர் வேண்டும். "டீச்சர் வந்து நாலு வார்த்தை சொல்லட்டும்" என்று அழைப்பார்கள். நாமும் நாலு வார்த்தை என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, ஒரு துண்டையும் ஒரு டம்ளர் காப்பியையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது வழக்கம்.

சென்ற வருஷம் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இவ்விதம் பேசினோம். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்றோம். சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றுவது மகா பாவம் என்றோம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை என்றோம். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள நம் நாவுக்கு மனம் வரவில்லை. "உலகத்தில் பால் இல்லாத தாய் என்று ஒருத்தி கிடையாது, கொடுக்க மனம் இல்லாத தாய்தான் உண்டு" என்று முடித்தோம். கரகோஷம் பலமாக எழுந்தது. அந்த வாக்கியத்தை நாம் பல வருஷங்களாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கரகோஷம் எழுந்ததால், அது நல்ல வாக்கியம் என்றே எண்ணியிருந்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் இருந்த புங்க மரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு சிசு. ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதற்காகக் கொண்டுவந்திருந்தாள்.

"டீச்சர், என்னை ஞாபகம் இருக்குங்களா? பத்தாவது 'பி' செக்ஷன்."

ஞாபகம் இருந்தது. கணக்கில் கெட்டிக்காரி. முகம்தான் அடையாளம் தெரியாதபடி வாடியிருந்தது. குழந்தையை விசாரித்தோம். அவள் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், பால் இல்லாத தாயே கிடையாதுன்னு மேடையிலே சொன்னீங்க. அப்போ நான் யாருங்க?"

நமக்கு நா எழவில்லை. பிரசங்கத்துக்குப் பதில் சொல்பவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில்தானே நாம் எல்லோரும் பிரசங்கம் செய்கிறோம்!

அவள் சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குழந்தை பிறந்தபோது எடை 2 கிலோ 700 கிராம். சுகப் பிரசவம். உடனே மார்பில் இட்டார்கள்; குழந்தையும் நன்றாகவே வாய் வைத்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பால் கட்டி மார்பு கனக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குக் கனக்கவே இல்லை. கர்ப்ப காலத்திலும் மார்பில் மாறுதல் எதுவும் காணவில்லை. குழந்தை இரவும் பகலும் மார்பை விடாது, விட்டால் அழும், அழுது களைத்துத் தூங்கும். மாமியார் பூண்டு வேகவைத்துக் கொடுத்தாள், வெந்தயக் கஞ்சி கொடுத்தாள், முருங்கைக் கீரையும் கேழ்வரகுக் களியுமாக ஊட்டினாள். ஆகாரத்துக்குக் குறைவில்லை, பாலுக்குத்தான் குறைவு. அன்று ஊசி போட வந்த கிராம நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்தாள். 2 கிலோ 850 கிராம்! ஆறு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக ஏறியிருக்க வேண்டிய குழந்தை, 150 கிராம்தான் ஏறியிருந்தது.

இதைவிடக் கொடிய விஷயம் ஒன்றையும் சொன்னாள். குழந்தை பெண் குழந்தை. எதிர் வீட்டில் ஒருத்தி, "பொட்டைப் புள்ளைன்னு இவளுக்கு மனசு இல்லை, அதான் பால் ஊறலை" என்று சொன்னாளாம்.

வேறு ஊரில் இதை வம்புப் பேச்சு என்று தள்ளிவிடலாம். நம் ஜில்லாவில் அப்படித் தள்ளிவிட முடியாது. பெண் சிசுக்களின் விஷயத்தில் சேலம், தருமபுரி ஜில்லாக்களின் பெயர் ஒரு காலத்தில் தேசம் முழுவதும் அடிபட்டது நேயர்களுக்குத் தெரிந்ததே. பெற்றோர் வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையைக் கொல்லாமல் சர்க்காரிடம் ஒப்படைக்கட்டும் என்று, 1992-ம் வருஷத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் ஆரம்பமாயிற்று. 2001-ல் நம் ஜில்லாவுக்கும் வந்தது. இத்தகைய பூமியில் ஒரு பெண் குழந்தை எடை ஏறாமல் மெலிந்தால் ஊரார் பார்வை எங்கே போகும்? தாயின் முகத்துக்குத்தான். மகளைக் காப்பாற்றத் தவிக்கிற தாயை, மகளைப் பட்டினி போடுகிறவள் என்று சந்தேகிப்பதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? அந்த அநியாயத்துக்கு மேடையிலிருந்து ஒலிபெருக்கி வைத்து உதவி செய்தவர் யார்? நாம்தான்.

வீட்டுக்கு வந்ததும் புஸ்தகங்களைப் புரட்டினோம். தெரிந்த டாக்டர் அம்மாள் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்தும், நம் தேகத்தைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு சொற்பம் என்பதை எண்ணி வெட்கப்பட்டோம். அறிந்ததை இங்கே சகோதரிகளுக்குச் சொல்கிறோம். இவ்விஷயத்தை அச்சில் படிக்கக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கலாம். ஒரு சிசுவின் உயிரைவிடக் கூச்சம் பெரிதல்ல.

மார்பில் இருப்பவை முக்கியமாக இரண்டு: ஒன்று கொழுப்பு, மற்றொன்று பால் சுரப்பிகள். வெளியே தெரியும் பருமன் பெரும்பாலும் கொழுப்பினால் ஆவது. ஆகையால் சிறிய மார்பு உள்ளவளுக்குப் பால் குறையும் என்பது தவறு. பெரிய மார்பு உள்ளவளுக்குப் பால் பெருகும் என்பதும் தவறு. சுரப்பிகள் பருவம் அடையும் காலத்தில் ஓரளவு வளர்கின்றன. கர்ப்ப காலத்தில் கிளைவிட்டு நன்றாக விரிகின்றன. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் ரத்தத்தில் ஒருவகை ஹார்மோன் சட்டென்று குறைகிறது. அதன் பயனாக இரண்டு மூன்று நாட்களில் பால் பெருக ஆரம்பிக்கிறது. அதன் பிறகு எல்லாம் கிணற்றுக் கணக்குத்தான்: இறைக்க இறைக்க ஊறும். குழந்தை சப்பும்போது ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் என்ற மற்றொன்று அதை வெளியே தள்ளுகிறது.

ஆனால் இறைத்தால் ஊற வேண்டுமானால் முதலில் ஊற்றுக்கண் இருக்க வேண்டுமே! சில பெண்களுக்கு இந்தச் சுரப்பிகளே போதிய அளவு வளர்வதில்லை. 1985-ம் வருஷத்தில் அமெரிக்கக் குழந்தை வைத்தியரான மரியான் நைஃபர்ட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இந்தக் குறையை வைத்தியப் பத்திரிகையில் விளக்கி எழுதினார்கள். 2000-ம் வருஷத்தில் கேத்லின் ஹக்கின்ஸ் முதலியோர் இத்தகைய 34 தாய்மார்களைக் கவனித்து எழுதினார்கள். அவர்களில் பலருக்கு முழு அளவு பால் வரவில்லை. சிலருக்கு நாளாவட்டத்தில் வந்தது. அடையாளங்கள் இவை: இரண்டு மார்புகளுக்கும் இடையே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அகலமான இடைவெளி, ஒன்று மற்றதைவிட வெகுவாகச் சிறுத்திருப்பது, அடியில் சதைப்பற்று இல்லாமல் குழாய்போல் நீண்டிருப்பது, கர்ப்ப காலத்தில் சிறிதும் வளராமை, பிரசவத்துக்குப் பின் பால் கட்டாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலே பால் வராது என்று அர்த்தமில்லை. இந்த அடையாளங்கள் இருந்தும் நிறையப் பால் கொடுத்த தாய்மார் உண்டு. முன்கூட்டியே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே இவை எச்சரிக்கை. பயப்படுவதற்கோ, பால் கொடுக்காமல் விட்டுவிடுவதற்கோ இவை காரணமாகா.

நாம் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. அவள் மனத்தில் குறையில்லை, ஆகாரத்தில் குறையில்லை, முயற்சியிலும் குறையில்லை. காது கேட்பதில் குறை உள்ளவனை, "உனக்குக் கேட்க மனமில்லை" என்று யாராவது கடிந்துகொள்வார்களா?

நிற்க. இதைப் படித்துவிட்டு, "எனக்கும் இந்தக் குறைதான்" என்று எந்தச் சகோதரியும் அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. "பால் போதவில்லை" என்று சொல்லும் தாய்மாரில் பெரும்பாலோருக்கு உண்மையில் பால் போதும். குழந்தை அடிக்கடி அழுவதும், மாலை வேளையில் ஓயாமல் மார்பைத் தேடுவதும், சில வாரங்களுக்குப் பின் மார்பு கனமின்றி மிருதுவாகிவிடுவதும் பால் குறைவின் அறிகுறிகள் அல்ல. மெய்யாகவே குறைந்தாலும், அநேகமாக அது திருத்தக்கூடிய காரணத்தால்தான் இருக்கும். குழந்தை காம்பை மட்டும் பற்றிக்கொண்டு சப்பலாம். வாய் நிறைய, கருவளையத்தோடு பற்ற வேண்டும். முதல் நாட்களில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று எதையாவது புகட்டியதால் குழந்தை சப்புவது குறைந்திருக்கலாம். (தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் சிசுவுக்கு ஆபத்தான விஷக் கிருமி இருக்கக்கூடும்.) பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போயிருக்கலாம், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தைராய்டுக் கோளாறு இருக்கலாம். இவற்றையெல்லாம் டாக்டர் பார்த்துத் திருத்த முடியும். எல்லாம் சரியாக இருந்தும் பால் வராவிட்டால்தான், நாம் சொன்ன சுரப்பிக் குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் பால் போதுகிறதா என்பதை எப்படி அறிவது? பாட்டிமார் சொல்லையும் கேட்க வேண்டாம், பிரசங்கியார் சொல்லையும் கேட்க வேண்டாம். இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இரண்டும் பொய் சொல்லாதவை. முதல் சாட்சி குழந்தையின் துணி. ஐந்தாம் நாளிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைய வேண்டும். மலம் கறுப்பு மாறி மஞ்சளாக வேண்டும். இரண்டாவது சாட்சி தராசு. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது சகஜம். ஆனால் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் தினம் 25, 30 கிராம் வீதம் ஏற வேண்டும். துணி நனையாமல், நாக்கு வறண்டு, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும், பாலுக்காக எழுப்பினாலும் எழாமல் இருந்தாலும், உடம்பு மஞ்சள் பூத்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது; ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "சமர்த்துக் குழந்தை, அழுவதே இல்லை" என்று பெருமைப்பட்ட வீடுகளில், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த குழந்தைகள் உண்டு.

இந்தத் தராசு நம் ஜில்லாவுக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இரண்டு சரித்திரங்கள் சொல்லலாம். ஒன்று துக்க சரித்திரம். 2014-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளம் சிசுக்கள் அடுத்தடுத்து இறந்தன. குறை எடையே முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எடை என்பது வெறும் எண் அல்ல, அது உயிரின் அளவு என்பதை அந்த வாரம் நம் எல்லோருக்கும் கற்பித்தது.

மற்றொன்று நம்பிக்கை தரும் சரித்திரம். அரூர்ப் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதிகள் அங்கே போய் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. டாக்டர்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்? மலை ஜாதிப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று தாய்மார்களையும் சிசுக்களையும் கவனித்தார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அந்த 147 என்பது ஏறக்குறைய 20 ஆகக் குறைந்தது. பெரிய கட்டடத்தைவிட, வாசற்படி ஏறி வந்து "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் ஒரு பெண் உயர்ந்தவள் என்பதை அந்தப் பள்ளத்தாக்கு நிரூபித்துவிட்டது. இதே தத்துவத்தைத்தான் 2011-ல் இந்திய சர்க்காரும் ஒரு திட்டமாக்கினார்கள்: ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுவை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதார ஊழியர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். நம் மாணவியின் குழந்தை பதினாலாம் நாளில் ஒழுங்காக நிறுக்கப்பட்டிருந்தால், மேலும் நாலு வாரம் அது அரை வயிற்றோடு கிடந்திராது.

சரி, பால் உண்மையில் குறைவு என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? முதற் பாடம்: முழுதும் இல்லை என்பதற்காக உள்ளதையும் நிறுத்திவிடக் கூடாது. கால் வயிறு தாய்ப்பாலும் தாய்ப்பால்தான்; அதிலும் நோயைத் தடுக்கும் சக்தி இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மார்பிலும் கொடுக்க வேண்டும். குழந்தை விட்ட பிறகு கையால் பீச்சி எடுத்ததையும் புகட்ட வேண்டும். இப்படி அடிக்கடி காலி செய்வது, உள்ள சுரப்பிகளிலிருந்து கூடியவரை பாலைப் பெறுவதற்கு உதவும். பால் பெருகுவதற்கு மருந்துகளும் உண்டு. டாக்டர் பார்த்துக் கொடுத்தாலன்றி அவற்றைத் தொடக் கூடாது. பூண்டும் முருங்கையும் தாய்க்கு நல்ல ஆகாரம், சாப்பிடட்டும். ஆனால் இல்லாத சுரப்பியை அவை உண்டாக்கிவிடா. ஆகையால் பூண்டு தின்றும் பால் வராதவளைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

இரண்டாவது பாடம்: குறைந்த அளவை வேறு பாலால் நிரப்ப வேண்டும், இதில் வெட்கமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம். கொடையாகப் பெற்ற தாய்ப்பாலைச் சேகரித்துப் பரிசோதித்துக் கொடுக்கும் வங்கிகள் நம் தேசத்தில் ஏற்பட்டிருக்கின்றன. 1989-ல் பம்பாய் ஸயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்ற அம்மையார் முதலாவதை ஆரம்பித்தார். 2014 முதல் நம் ராஜ்யத்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பால் பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்குமே போய்விடுகிறது. ஆகவே வீட்டில் உள்ள குழந்தைக்கு, டாக்டர் சொல்லும் சிசு மாவுப் பாலைத்தான் நாட வேண்டியிருக்கும். கொதித்த தண்ணீரில், டப்பாவில் கண்ட அளவுப்படியே கலக்க வேண்டும். டப்பா இன்னும் நாலு நாள் வரட்டும் என்று நீர்க்கக் கலந்து கொடுப்பது பட்டினி போடுவதற்குச் சமானம். பசும்பாலில் தண்ணீர் கலந்து புகட்டுவதும் தவறு.

புட்டிக்குப் பதில் நம் பாட்டிமாரின் சங்கு மேலானது. பாலாடை என்றும் அதைச் சொல்வதுண்டு. மூக்குள்ள அந்தச் சிறு கிண்ணத்தைக் கொதிநீரில் சுத்தம் செய்வது சுலபம். புட்டியின் ரப்பர்க் காம்புக்குப் பழகிக் குழந்தை மார்பை மறக்கும் அபாயமும் இல்லை. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் சிசு வார்டுகளிலே நர்ஸுகள் கையாளுவது இந்தச் சங்கையேதான். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் சிறிது சிறிதாக விட வேண்டும். படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றும் பழைய முறை மட்டும் கூடாது, புரை ஏறும்.

"இத்தனை நாள் மாவு டப்பாவை நிந்தித்த பத்திரிகை இன்று அதற்குப் பரிந்து பேசுகிறதே!" என்று நேயர்கள் கேட்கலாம். டப்பா வியாபாரிகளிடம் நமக்குள்ள கோபம் சிறிதும் தணியவில்லை. 1939-லேயே ஸிங்கப்பூரில் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், தாய்ப்பாலைக் கெடுத்து டின் பாலை விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். 1992-ல் நம் பார்லிமெண்டும் சட்டம் இயற்றி, சிசு மாவுப் பாலுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே தடுத்தது. அது நல்ல சட்டம். கெட்டியாகக் காப்பாற்ற வேண்டிய சட்டம். தாய்ப்பால் உள்ளவளின் வீட்டுக்குள் டப்பா நுழையக் கூடாது. ஆனால் நொண்டிக்கு ஊன்றுகோல் கொடுப்பதும், ஓடுகிறவன் காலை ஒடித்துக் கோல் விற்பதும் ஒன்றாகுமா? வியாபாரியின் மேல் எறிந்த கல் இதுவரை அநேகமாகத் தாயின் மேலேயே விழுந்திருக்கிறது.

பிறர் பாலில் பிள்ளை வளர்வது நம் குலத்துக்குப் புதிதும் அல்ல. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய் என்று இருவருக்கும் சமமாக இடம் கொடுத்தது பழந்தமிழ் இலக்கியம். கந்தப் பெருமானுக்குக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பால் கொடுத்தார்கள். அதற்காக அம்பிகைக்குத் தாய்மை குறைந்துவிட்டதாக எந்தப் பௌராணிகரும் சொல்லக் காணோம். (இக்காலத்தில் மட்டும், ரத்தத்தின் மூலம் பரவும் நோய்கள் இருப்பதால், டாக்டரைக் கேளாமல் மற்றொருத்தியின் பாலைக் கொடுப்பது உசிதமல்ல.)

மாணவியின் கதைக்கு வருவோம். அன்றைக்கே கிராம நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் டாக்டரிடம் போனார்கள். ரத்தம் பரிசோதித்தார்கள், தைராய்டு சரியாக இருந்தது. டாக்டர் அம்மாள் மார்பைப் பார்த்துவிட்டு, "இது உன் குற்றம் இல்லை அம்மா, உன் உடம்பின் அமைப்பு. வருகிற பாலைக் கொடு, மிச்சத்தைச் சங்கில் கொடு" என்றாராம். அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதும், ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அழுது தீர்த்தாள் என்று அவளுடைய புருஷன் நம்மிடம் சொன்னான்.

பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேத்தி, கையில் பழைய எவர்சில்வர் சங்கு. பரணிலிருந்து தேடி எடுத்தது என்றாள். எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவ புருஷன் பொறந்தப்போ எனக்கும் பால் பத்தலீங்க. எங்க அக்காதான் ரெண்டு மாசம் குடுத்துச்சு. வெளியே சொன்னா அவமானம்னு யாருகிட்டேயும் சொல்லலை" என்றாள். தன் மருமகளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தோம். ஆனால் முப்பது வருஷம் அந்தக் கிழவி சுமந்த பாரத்துக்குக் காரணம் நம்மைப் போன்றவர்கள் பேசிய பேச்சுத்தானே? ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

மாணவி சுவரைக் காட்டினாள். காலண்டரில் வாரத்துக்கு ஒரு எண்ணாகக் குழந்தையின் எடையைப் பென்ஸிலால் எழுதி வைத்திருந்தாள். 2,850, 3,060, 3,290... பத்தாவது 'பி' செக்ஷனில் அவள் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிய அதே அழகான எண்கள். நாலு மாதம் முடிந்தபோது 5 கிலோ 400. தாயின் மார்பில் அரை வயிறு, சங்கில் அரை வயிறு. இரண்டும் சேர்ந்து ஒரு முழுக் குழந்தை. எதிர் வீட்டுக்காரியும் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாளாம்.

இந்த வருஷம் ஆகஸ்டு மாதத்திலும் பிரசங்கத்துக்கு அழைப்பு வந்தது. அதே சீம்பால், அதே ஒரு மணி நேரம், அதே ஆறு மாதம், எல்லாவற்றையும் சொன்னோம். கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றினோம்: "பெரும்பாலான தாய்மாருக்குப் பால் போதும். சிலருக்குப் போதாது, அது அவர்கள் குற்றம் அல்ல. எதற்கும் குழந்தையை நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள்."

கரகோஷம் முன்போல் எழவில்லை. ஆனால் கூட்டம் முடிந்த பிறகு, பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் குழந்தைகளோடு நர்ஸின் மேஜையருகே போய் நின்றார்கள். நமக்கு அது போதும்.